37-க்கு 0: சவுத் கரோலினா பொண்ணுங்களோட 38-0 சீசன் பத்தி கொஞ்சம் பேசணும்

ஆறாவது ஆள்

வணக்கம் மக்களே. இத எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு, இன்னிக்குதான் உக்காந்தேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

2023-24 சீசன்ல அமெரிக்காவுல சவுத் கரோலினா யுனிவர்சிட்டி பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீம் 38 மேட்ச் ஆடி 38-ம் ஜெயிச்சாங்க. ஆனா அந்த வருஷத்தப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் அயோவா யுனிவர்சிட்டி ஸ்டார் கெய்ட்லின் கிளார்க்லதான் ஆரம்பிக்குறாங்க. கிளார்க்க நான் குறை சொல்ல வரல, அவங்க ஆட்டம் எனக்கும் உயிர். ஆனா ஜெயிச்ச டீமுக்கு "ஃபைனல்ல கிளார்க்க தோக்கடிச்ச டீம்" அப்படிங்கறது மட்டுமே அடையாளமா நின்னு போச்சு பாருங்க, அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது.

ஒரு கணக்கு சொல்றேன். 2024 ஏப்ரல் 7, கிளீவ்லாண்ட், ஃபைனல். சவுத் கரோலினா 87, அயோவா 75. இதுல ஆரம்பத்துல ஆடுற அஞ்சு பேர்ல இல்லாம பெஞ்ச்ல இருந்து இறங்கினவங்க அடிச்ச பாயிண்ட் மட்டும் தனியா எடுத்தா சவுத் கரோலினா 37, அயோவா 0. சைபர். டெஸ்ஸா ஜான்சன்னு ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு பெஞ்ச்ல இருந்து வந்து 19 பாயிண்ட், அன்னிக்கு அவங்க டீம்லயே அதுதான் அதிகம். மிலேசியா ஃபுல்வைலி, அதுவும் ஃபர்ஸ்ட் இயர், 9. மீதி ஆஷ்லின் வாட்கின்ஸும் சானியா ஃபீகினும்.

நான் சொல்ல வர்றது இதுதான்: அந்த 38-0 பெஞ்ச் ஜெயிச்ச சீசன். ஸ்டார் ஜெயிச்சது இல்ல. ஒத்துக்காதவங்க வாங்க, பேசலாம்.

ரீபவுண்ட் ராசா

அக்கா நல்ல இழை, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். கமில்லா கார்டோசோ இல்லாம இந்த டீம் ஏது? 6 அடி 7 அங்குலம். ஃபைனல்ல 15 பாயிண்ட் 17 ரீபவுண்ட், மொத்த டோர்னமெண்டுக்கும் சிறந்த ஆட்டக்காரி அவங்கதான். அன்னிக்கு ரீபவுண்ட் கணக்கு 51-க்கு 29. ஷாட் மிஸ் ஆனாலும் பால் நம்ம கைக்கே திரும்பி வருதுன்னா எத்தனை தடவ வேணா போடலாமே. பெஞ்ச் 37 அடிச்சுது சரி, அந்த 37-ல எத்தனை கார்டோசோ புடிச்சுக் குடுத்த பால்னு யோசிங்க.

ஆறாவது ஆள்

ராசா தம்பி, இந்தக் கேள்வி வரும்னு தெரியும், அதுக்குத்தான் காத்திருந்தேன். அதுக்கு முந்தின வருஷம், 2022-23-ல, கார்டோசோ எங்க இருந்தாங்க சொல்லுங்க? பெஞ்ச்ல! அலியா பாஸ்டன் ஸ்டார்ட் பண்ணுவாங்க, கார்டோசோ அப்புறமா இறங்குவாங்க, அந்த வருஷம் அவங்க லீக்ல பெஞ்ச்ல இருந்து வர்ற சிறந்த ஆளுக்கான விருதே அவங்களுக்குத்தான். ரேவன் ஜான்சன்? பெஞ்ச். பிரீ ஹால்? பெஞ்ச். குளோயி கிட்ஸ் அந்த சீசன் நடுவுலதான் வந்தே சேந்தாங்க.

அந்த 2022-23 டீம் 36 மேட்ச் வரிசையா ஜெயிச்சுட்டு டல்லாஸ்ல செமி ஃபைனல்ல அயோவாகிட்ட 77-73 தோத்துச்சு. கிளார்க் 41 பாயிண்ட். அதோட ஸ்டார்ட் பண்ண அஞ்சு பேரும் படிப்ப முடிச்சுட்டு கெளம்பிட்டாங்க, ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, அஞ்சு பேரும். வேற எந்த டீமா இருந்தாலும் அடுத்த ரெண்டு வருஷம் அழுதுட்டு இருக்கும். இங்க நேத்து பெஞ்ச்ல உக்காந்திருந்தவங்க இன்னிக்கு ஸ்டார்ட் பண்றாங்க, அவங்க காலி பண்ண பெஞ்ச்ல புதுசா ரெண்டு சின்னப் பொண்ணுங்க. ஓரிகன்ல இருந்து மாறி வந்த டே-ஹினா பாவ்பாவ் மட்டும்தான் ஸ்டார்ட்டர்ல வெளியாளு.

கார்டோசோவையே உருவாக்கினது அந்த பெஞ்ச்தான்னு சொல்றேன் தம்பி.

ரீபவுண்ட் ராசா

அட, இது யோசிக்க வேண்டிய பாயிண்ட்தான். ஆனா உயரம் பெஞ்ச்ல வளராதுக்கா. இன்னும் முழுசா ஒத்துக்கல.

புதுசா பாக்குறேன்

எல்லாருக்கும் ஹாய், நான் இப்பதான் காலேஜ் பாஸ்கெட்பால் ஃபாலோ பண்ண ஆரம்பிச்சிருக்கேன், நானும் காலேஜ் டீம்ல இருக்கேன் (பெஞ்ச்தான்). ஒரு டவுட், அமெரிக்கால சீசன் எப்படி ஓடும்? 38 மேட்ச் எப்படி வருது? லீக் தனி கப் தனியா?

பழைய கோச்

நான் சொல்றேன்மா. நவம்பர்ல ஆரம்பிக்கும். முதல்ல எந்த டீமோட வேணும்னாலும் பேசி வச்சுக்கிட்டு ஆடுவாங்க, அப்புறம் ஜனவரி வாக்குல இருந்து அவங்கவங்க கான்ஃபரன்ஸ், அதாவது லீக், மேட்ச். சவுத் கரோலினா இருக்குறது எஸ்.இ.சி. மார்ச் மாசம் கான்ஃபரன்ஸ்குள்ள ஒரு டோர்னமெண்ட். அது முடிஞ்சா நாடு முழுக்க 68 டீம், ஒரு தடவ தோத்தா வெளிய. ஃபைனல் ஏப்ரல் முதல் வாரம். பொண்ணுங்களுக்கு 10 நிமிஷ குவார்ட்டர் நாலு, பசங்களுக்கு 20 நிமிஷம் ரெண்டு பாதி. அஞ்சு ஃபவுல் ஆனா ஆள் வெளிய.

இந்தக் கடைசி விஷயம் இங்க நடக்குற சண்டைக்கும் சம்பந்தப்பட்டது. நான் பல வருஷம் பொண்ணுங்களுக்கு கோச்சிங் குடுத்தவன். நல்ல பெஞ்ச் இருக்குற டீமுக்கு ஃபவுல் பயம் கெடையாது. ரெண்டாவது ஃபவுல் வாங்கின பொண்ண உடனே வெளிய எடுத்துட்டு அதே மாதிரி இன்னொருத்திய உள்ள விடலாம், உள்ள போறவளும் தயங்காம கைய வச்சு முழு மூச்சா டிஃபென்ஸ் ஆடலாம். அஞ்சே பேர நம்பி ஆடுற டீம் மூணாவது குவார்ட்டர்ல இருந்து கைய இழுத்துக்கும், தொட்டா ஃபவுல் ஆயிடுமேன்னு. ஸ்கோர்ஷீட்ல இது எதுவும் தெரியாது. ஆனா நாலாவது குவார்ட்டர்ல காலப் பாத்தா தெரியும். ஷாட் சின்னதா விழ ஆரம்பிக்கும், ரிம்முக்கு முன்னாடியே இறங்கும். கை தப்பு இல்ல, கால் செத்துப் போச்சுன்னு அர்த்தம்.

ஃபைனல்ல கிளார்க் முதல் குவார்ட்டர்ல 18 பாயிண்ட். ஃபைனல்ல ஒரு குவார்ட்டர்ல யாரும் அவ்வளவு அடிச்சதில்ல. மேட்ச் முடியுறப்போ 30. அப்ப மீதி மூணு குவார்ட்டர்ல 12. கிளார்க்குக்குத் திறமை குறையல, எதிர்ல புதுக் கால்கள் மாறி மாறி வந்துட்டே இருந்துச்சு.

ஹாக்ஐ வெறியன்

வந்துட்டேன். அயோவா பக்கம் பேச ஆளே இல்லன்னு நெனச்சீங்களா.

பெஞ்ச் சைபர்னு சொல்லிட்டு இருக்கீங்க, அதே சைபர் பெஞ்ச் டீம்தான் அதுக்கு ஆறு நாள் முன்னாடி 2023 சாம்பியன் எல்.எஸ்.யு.வ (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) 94-87 வெளிய அனுப்புச்சு, கிளார்க் 41. அப்புறம் யுகான (கனெக்டிகட் யுனிவர்சிட்டி) 71-69. ரெண்டு வருஷம் வரிசையா ஃபைனல். ஸ்கூல்ல இருந்தே பேர் வாங்கின ஆளுங்கள வரிசையா சேத்து வச்ச டீம் இல்ல இது, கேட் மார்ட்டின், கேப்ரியல் மார்ஷல் மாதிரி வருஷக்கணக்கா ஒண்ணா வளந்தவங்க. கிளார்க் சீசன் ஆவரேஜ் 31.6. மார்ச் 3-ஆம் தேதி பீட் மாராவிச் காலேஜ்ல மொத்தமா அடிச்ச 3,667 பாயிண்டத் தாண்டினாங்க, 1970-ல இருந்து யாரும் தொடாத ரெகார்ட், பசங்க பொண்ணுங்க எல்லாம் சேத்து. முடிக்குறப்போ 3,951.

அந்த ஃபைனல 1 கோடியே 89 லட்சம் பேர் டிவில பாத்தாங்க. அதே வருஷம் பசங்க ஃபைனலுக்கு 1 கோடியே 48 லட்சம். பொண்ணுங்க ஃபைனல் பசங்க ஃபைனலத் தாண்டினது அதுதான் முதல் தடவ. கப்ப கையில வச்சுக்கிட்டு டான் ஸ்டேலியே கிளார்க் பேரச் சொல்லி நன்றி சொன்னாங்க. ஜெயிச்ச கோச்சே சொல்றப்போ நாம ஏன் தயங்கணும்?

ஆறாவது ஆள்

ஹாக்ஐ ப்ரோ, ஒரு வரி கூட மறுக்க மாட்டேன். ஸ்டேலி அப்படி சொன்னது எனக்கும் ரொம்பப் பிடிச்ச தருணம். ஆனா அந்த 1 கோடியே 89 லட்சம் பேர் டிவி முன்னாடி உக்காந்து கண்ணால பாத்தது என்ன? அயோவா 10-0 ஆரம்பிச்சு, முதல் குவார்ட்டர் முடியுறப்போ 27-20 முன்னாடி இருந்து, அப்புறம் ஒவ்வொரு ரெண்டு நிமிஷத்துக்கும் சவுத் கரோலினா பக்கம் புதுசா ஒரு பொண்ணு இறங்கி வந்து ஆட்டத்த மாத்துனத.

ரேவன் ஜான்சன் கதைய மட்டும் எடுத்துக்கங்க. 2023 டல்லாஸ்ல கிளார்க் அவங்கள கார்ட் பண்ணாமயே விட்டு, போட்டுக்கோன்னு கைய வீசுன வீடியோ உலகம் முழுக்க சுத்துச்சு. ஒரு பொண்ணுக்கு, அதுவும் முதல் தடவ முழு சீசன் ஆடுற பொண்ணுக்கு, அது எப்படி இருந்திருக்கும். அடுத்த சீசன ரிவெஞ்ச் டூர்னு அவங்களே பேர் வச்சாங்க. ஒரு வருஷம் த்ரீ (தூரத்துல இருந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட்) ப்ராக்டிஸ். ஃபைனல்ல முதல் பாதி முடியுற கடைசி நொடிகள்ல கிளார்க் கையில இருந்தே பால பறிச்சுக்கிட்டு ஓடிப் போய் லேஅப் (ரிம் பக்கத்துல போய் போடுற ஷாட்). ஸ்கோர் 49-46. அன்னிக்கு ரேவனுக்கு வெளிய இருந்து ஷாட் சரியா விழல, ஆனா கிளார்க் பின்னாடி நிழல் மாதிரி ஓடினது அவங்கதான்.

அந்த லேஅப்ப நான் எத்தனை தடவ பாத்திருப்பேன்னு தெரியல.

நடுக்கோடு

இங்க யாருமே பாரிஸ் மேட்ச் பத்தி பேசல, அதனால நான் எழுதுறேன். 2023 நவம்பர் 6, சீசனோட முதல் மேட்ச், நோட்ரே டேம் கூட, பாரிஸ் நகரத்துல. 100-71. மிலேசியா ஃபுல்வைலிக்கு அதுதான் வாழ்க்கையிலயே முதல் காலேஜ் மேட்ச், பெஞ்ச்ல இருந்துதான் வர்றாங்க, பால வாங்கி கோர்ட்டோட அந்தக் கோடியில இருந்து ஓடி வந்து ஒருத்திய முதுகுக்குப் பின்னாடி பால மாத்தி தாண்டிட்டு லேஅப் போட்டாங்க பாருங்க, நான் சோஃபால இருந்து எந்திரிச்சுட்டேன். 17 பாயிண்ட் அன்னிக்கு. அந்தப் பொண்ணு யுனிவர்சிட்டி இருக்குற கொலம்பியா ஊர்ப் பொண்ணேதான். ஆறே நாள் கழிச்சு மேரிலாண்ட 114-76. சீசன் ஆரம்பத்துல ஸ்டேலி இந்தப் பசங்கள "டே கேர்"னு கூப்பிடுவாங்க, ஏன்னா ப்ராக்டிஸ்ல அவ்வளவு சேட்டையாம். முந்தின வருஷத்து டீம் பெரிய மனுஷங்க மாதிரி, இது வெளாட்டுப் பிள்ளைங்க.

பழைய கோச்

நடுக்கோடு சொன்னது முக்கியம். ஃபுல்வைலி மாதிரி ஒரு பொண்ண ஸ்டார்ட் பண்ணாம வைக்குறதுக்கு கோச்சுக்கு துணிவு வேணும், அத ஏத்துக்குறதுக்கு அந்தப் பொண்ணுக்கு அதவிட அதிகம் வேணும். எஸ்.இ.சி. டோர்னமெண்ட் ஃபைனல்ல எல்.எஸ்.யு. எதிரா 24 பாயிண்ட் அடிச்சு டோர்னமெண்ட் சிறந்த ஆட்டக்காரி வாங்கினா, அதுவும் பெஞ்ச்ல இருந்து வந்து.

ரீபவுண்ட் ராசா

எஸ்.இ.சி. டோர்னமெண்ட்டுன்னு வந்தாச்சு, அப்ப டென்னஸி மேட்ச் பேசாம விட மாட்டேன். என் வாதமே அதுதான்.

2024 மார்ச் 9, கிரீன்வில், செமி ஃபைனல். சவுத் கரோலினா 23 பாயிண்ட் முன்னாடி இருந்தாங்க. 23! அத முழுக்க விட்டாங்க. கடைசியில டென்னஸி 73-71. மிச்சம் 1.1 செகண்ட். பக்கக் கோட்டுல இருந்து பால உள்ள போடணும். எல்லாரும் பாவ்பாவுக்குத்தான் போகும்னு நெனச்சாங்க, சீசன் முழுக்க 46 சதவீதத்துக்கு மேல த்ரீ போட்ட பொண்ணு, நாட்டுலயே நம்பர் ஒன். டென்னஸியும் அப்படித்தான் நெனச்சிருக்கும். பால் போனது கார்டோசோவுக்கு. அதுவரைக்கும் காலேஜ்ல ஒரு த்ரீ கூட போட்டதில்ல. தூக்கிப் போட்டாங்க, போர்டுல பட்டு உள்ள. 74-73.

இப்ப சொல்லுங்க அக்கா. இது பெஞ்சா? பெஞ்ச் 23 பாயிண்ட் லீட விட்டுச்சு. ஸ்டார் காப்பாத்துனா.

ஆறாவது ஆள்

தம்பி அந்த மேட்ச்ல நான் தோத்தேன்னு முடிவு பண்ணி லேப்டாப்ப மூடப் போனேன். உண்மையச் சொல்றேன், அந்த ஷாட்டுக்கு என்கிட்ட பதில் இல்ல. கார்டோசோ பதின்ம வயசுலயே பிரேசில்ல வீட்ட விட்டு மொழி தெரியாத நாட்டுக்கு வந்த பொண்ணு. அந்த பால் உள்ள விழுந்தப்போ டீம் மொத்தமும் அவங்க மேல விழுந்தத பாத்து எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா பிப்ரவரி 11 மறந்துட்டீங்களா? யுகான கொலம்பியால 83-65 அடிச்ச மேட்ச். அன்னிக்கு கார்டோசோ ஊர்லயே இல்ல! பிரேசில் டீமுக்காக ஒலிம்பிக் தகுதிச்சுற்று ஆடப் போயிட்டாங்க. நாட்டுலயே பெரிய பேர் இருக்குற ப்ரோக்ராம், 6 அடி 7 அங்குலம் இல்லாம, 18 பாயிண்ட்ல. அதே மாதிரி நேஷனல் டோர்னமெண்ட் முதல் மேட்ச்லயும் அவங்க இல்ல, ப்ரெஸ்பிட்டேரியன 91-39.

ஹாக்ஐ வெறியன்

ப்ரெஸ்பிட்டேரியன் மேட்ச்ல ஏன் இல்லன்னும் சொல்லுங்க அக்கா. மறைக்கக் கூடாது.

ஆறாவது ஆள்

மறைக்கல. எஸ்.இ.சி. ஃபைனல்ல கடைசி ரெண்டு நிமிஷம் வாக்குல எல்.எஸ்.யு.வோட ஃப்ளாஜே ஜான்சன கார்டோசோ தள்ளி விட்டாங்க, அவங்க கீழ விழுந்தாங்க, பெஞ்ச்ல இருந்தவங்க கோர்ட்டுக்குள்ள ஓடி வந்தாங்க, பாத்துட்டு இருந்த ஒருத்தர் மேசையத் தாண்டி உள்ள குதிச்சாரு. கார்டோசோவ வெளிய அனுப்பினாங்க, அடுத்த மேட்ச் தடை. 79-72 ஜெயிச்சாங்க, ஆனா அது தப்பு. முதல்ல யார் இடிச்சா, யார் மொறச்சா எல்லாம் பேசலாம், ஆனா அவ்வளவு உயரமும் பலமும் இருக்குற ஆளு அப்படித் தள்ளுறது தப்புதான். கார்டோசோ மன்னிப்பு கேட்டாங்க. ஸ்டேலியும் மேட்ச் முடிஞ்ச உடனே டிவிலயே கேட்டாங்க. இந்த டீம எனக்கு பிடிக்கும்ங்கறதுக்காக அந்த ரெண்டு நிமிஷத்த நான் பூசி மொழுக மாட்டேன்.

இன்னொண்ணு, பெஞ்ச்ல இருந்து எந்திரிச்சு ஓடி வந்தவங்களையும் ரூல்படி வெளிய அனுப்பிட்டாங்க. சண்ட நடக்குறப்போ பெஞ்ச விட்டு எந்திரிக்கக் கூடாது. புதுசா பாக்குறேன் தங்கச்சி, இத ஞாபகம் வச்சுக்கோ.

புதுசா பாக்குறேன்

வச்சுக்குறேன் அக்கா. அப்புறம் வேற எந்த மேட்சும் டைட்டா போகலயா? எல்லாம் ஈசியா ஜெயிச்சாங்களா?

நடுக்கோடு

இண்டியானா!! ஸ்வீட் சிக்ஸ்டீன், அதாவது நேஷனல் டோர்னமெண்ட்ல 16 டீம் மிஞ்சுற ரவுண்டு. 22 பாயிண்ட் லீட். அது கரைஞ்சு கரைஞ்சு 2 பாயிண்ட்டுக்கு வந்துடுச்சு. எனக்கு டென்னஸி மேட்ச் திரும்ப ஓடுற மாதிரியே இருந்துச்சு. கடைசி நிமிஷத்துல ரேவன் ஒரு த்ரீ போட்டு மூச்ச திருப்பிக் குடுத்தாங்க. 79-75.

ஜனவரி 25 எல்.எஸ்.யு. ஊர்லயே போய் 76-70, அதுவும் கடைசி வரைக்கும் இழுத்துச்சு. மத்தபடி செமி ஃபைனல் என்.சி. ஸ்டேட் கூட மூணாவது குவார்ட்டர் மட்டும் 29-6. வாட்கின்ஸ் பெஞ்ச்ல இருந்து வந்து 20 ரீபவுண்ட். 78-59.

பழைய கோச்

வாட்கின்ஸோட அந்த 20 ரீபவுண்ட்தான் என்னோட ஓட்டு. ராசா தம்பி உயரம் உயரம்னு சொல்றாரு, வாட்கின்ஸ் 6 அடி 3 தான். ரீபவுண்ட்ல பாதி விஷயம் ஷாட் கையில இருந்து கெளம்புறப்பவே அது எங்க விழும்னு தெரிஞ்சு எதிராளிய முதுகுல வாங்கி உக்கார்றது. கார்னர்ல இருந்து போற த்ரீ மிஸ் ஆனா பெரும்பாலும் எதிர்ப் பக்கம்தான் தெறிக்கும். தூரத்துல இருந்து போட்டா தூரமா தெறிக்கும். பெஞ்ச்ல உக்காந்து பத்து நிமிஷம் அத மட்டும் கவனிச்ச பொண்ணு உள்ள இறங்கினா, ஏற்கனவே ஆடிட்டு இருக்குறவள விட நல்லா பிடிப்பா.

ரீபவுண்ட் ராசா

சரி. இப்ப என்னோட கடைசி வாதம். 2024-25 எடுத்துக்கங்க. ரேவன், பாவ்பாவ், ஹால், கிட்ஸ், ஃபீகின், டெஸ்ஸா, ஃபுல்வைலி எல்லாரும் இருக்காங்க. பெரிய ஆளுல கார்டோசோ மட்டும்தான் போனாங்க, 2024 ட்ராஃப்ட்ல (தொழில்முறை டீம்கள் ஆள் எடுக்குறது) மூணாவதா சிகாகோ எடுத்துக்குச்சு. அதே பெஞ்ச், இன்னும் ஒரு வருஷ அனுபவம் கூட. என்னாச்சு? நவம்பர்ல யு.சி.எல்.ஏ. கிட்ட 77-62, 43 மேட்ச் வெற்றி வரிசை அறுந்துச்சு. டெக்ஸஸ் கிட்ட ஒண்ணு. யுகான் கொலம்பியாவுக்கே வந்து 87-58, 71 மேட்ச் ஹோம் வரிசை காலி. டாம்பாவுல ஃபைனல்ல திரும்ப யுகான், 82-59. 35-4. பெஞ்ச்தான் காரணம்னா ஏன் தோத்தாங்க?

ஆறாவது ஆள்

ரெண்டு நாளா இதப் பத்திதான் யோசிச்சுட்டு இருந்தேன் தம்பி, அதான் பதில் லேட்டு.

முதல் விஷயம், வாட்கின்ஸ். 2025 ஜனவரி ஆரம்பத்துல முட்டியில ஏ.சி.எல்.னு ஒரு தசைநார் போச்சு, சீசன் முடிஞ்சுது. அதனால பெஞ்ச் அதே பெஞ்ச் இல்ல, உள்ள நிக்குற ஆளு ஒண்ணு கொறஞ்சுது. கார்டோசோ போன வருஷமே வாட்கின்ஸும் இல்லன்னா உள்ளுக்குள்ள பாதி சுவர் இடிஞ்ச மாதிரி. ரெண்டாவது, எதிர்ல யுகான் அந்த வருஷம் சும்மா டீம் இல்ல. ஃபைனல்ல அஸி ஃபட் 24, சாரா ஸ்ட்ராங் 24 பாயிண்ட் 15 ரீபவுண்ட், பேஜ் பெக்கர்ஸ் 17.

ஆனா இதெல்லாம் சொல்லிட்டு ஒண்ணு ஒத்துக்கணும். நான் முதல் பதிவுல "ஸ்டார் ஜெயிச்சது இல்ல"ன்னு எழுதினேன்ல, அத வாபஸ் வாங்குறேன். 2024-ல நடுவுல கார்டோசோன்னு ஒரு தூண் இருந்துச்சு, அதனாலதான் சுத்தி எட்டு பேர் பயமில்லாம ஓடினாங்க. அந்தத் தூண் 14.4 பாயிண்ட் ஆவரேஜ்லயே டீம்ல முதல் ஆளு, அதாவது அவங்களுக்குன்னு 30 பாயிண்ட் அடிக்க வேண்டிய அவசியமே இல்லாம டீம் பாத்துக்கிச்சு. ரெண்டும் சேந்ததுதான் 38-0. கார்டோசோ இல்லாம ஒரு யுகான் மேட்ச், ஒரு ப்ரெஸ்பிட்டேரியன் மேட்ச் ஜெயிக்கலாம். ஒரு முழு சீசன் முடியாதுன்னு 2025 காட்டிடுச்சு.

ஏன் இவ்வளவு பிடிவாதமா பேசுறேன்னும் சொல்லிடுறேன். நான் காலேஜ்ல மூணு வருஷம் பெஞ்ச். பாயிண்ட் கார்ட். எங்க கோச் ஏழு பேருக்கு மேல பேரே ஞாபகம் வச்சுக்க மாட்டார், என்ன "ஏய் பதினாலு"ன்னு ஜெர்ஸி நம்பர வச்சுத்தான் கூப்பிடுவார். கடைசி வருஷம் ஒரு முக்கியமான மேட்ச்ல ரெண்டு கார்டும் ஃபவுல்ல வெளிய போனப்புறம் வேற வழி இல்லாம என்ன இறக்கினார். உடம்பு சூடே ஆகல, மூணு வருஷத்துல அந்த மாதிரி நெருக்கடியில ஒரு நிமிஷம் கூட ஆடினதில்ல, முதல் பாஸே எதிராளி கையில குடுத்தேன். தோத்தோம். வண்டியில திரும்பி வர்றப்போ யாரும் என்கிட்ட பேசல. டெஸ்ஸா ஜான்சன்னு ஒரு 18-19 வயசுப் பொண்ணு பெஞ்ச்ல இருந்து எந்திரிச்சு நேஷனல் ஃபைனல்ல கை நடுங்காம 19 அடிச்சப்போ எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், அவள நவம்பர்ல இருந்தே யாரோ நம்பி இறக்கியிருக்காங்க. பாரிஸ்ல இறக்கினாங்க, எல்.எஸ்.யு. ஊர்ல இறக்கினாங்க. அதனாலதான் கிளீவ்லாண்ட்ல நடுங்கல.

ரீபவுண்ட் ராசா

அக்கா. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நான் சும்மா வாதத்துக்குப் பேசிட்டே இருந்தேன். அந்தத் தோல்வி உங்க தப்பு இல்ல.

தூண் பிளஸ் எட்டு பேர். இதுல நானும் கையெழுத்துப் போடுறேன்.

பழைய கோச்

படிச்சேன்மா. நானும் அந்தத் தப்ப பண்ணியிருக்கேன், அந்த நாற்காலியில உக்காந்தவன்ங்கற முறையில சொல்றேன். ஸ்கோர் நெருக்கமா இருக்குறப்போ தெரிஞ்ச முகத்த மட்டும் நம்பத் தோணும். பிப்ரவரில தோத்தாலும் பரவாயில்லன்னு சின்னப் பொண்ண இறக்குறதுக்கு ஒரு தைரியம் வேணும், எனக்கு அது வர பல வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி என்கிட்ட ஆடின பொண்ணுங்க சில பேர நெனச்சா இன்னமும் மனசு கனக்கும்.

ஹாக்ஐ வெறியன்

நானும் கொஞ்சம் விட்டுக் குடுக்குறேன். 37-0 வலிக்குது, ஆனா உண்மை. அயோவா பெஞ்ச்ல நாலு பேருக்கு சீசன் முழுக்க இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்திருந்தா அந்த நாலாவது குவார்ட்டர் வேற மாதிரி போயிருக்குமோன்னு நானும் நெனச்சிருக்கேன்.

புதுசா பாக்குறேன்

ஆறாவது ஆள் அக்கா, உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். எங்க டீம்ல நான் ஒன்பதாவது ஆளு. இந்த வாரம் மேட்ச் இருக்கு. பெஞ்ச்ல உக்காந்திருக்குறப்போ என்ன பண்ணணும்? நான் சும்மா கைதட்டிட்டு ஸ்கோர்போர்ட பாத்துட்டு இருப்பேன்.

ஆறாவது ஆள்

ஸ்கோர்போர்ட பாக்காத தங்கச்சி. நீ கார்ட் பண்ணப் போற பொண்ணு யாருன்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோ, அவள மட்டும் பாரு. பால எந்தக் கையில தட்டுறா, கை மாத்துறதுக்கு முன்னாடி தோள் இறங்குதா, தலையத் திருப்பி கோச்ச பாக்குற நேரத்துல பால் எவ்வளவு உயரம் எழும்புது. அவ ரெண்டாவது ஃபவுலுக்கு அப்புறம் பின்வாங்குறாளான்னு பாரு. மூணாவது குவார்ட்டர் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி எந்திரிச்சு கால உதறி சூடு பண்ணிக்கோ, கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு யோசிக்காத, நான் பண்ணாம விட்டது அதுதான். உள்ள போன உடனே முதல் பாஸ் பக்கத்துல இருக்குறவளுக்குக் குடு, எட்டத்துல போடாத. வாட்டர் பாட்டில் குடுக்குறப்போ ஆடிட்டு வந்தவகிட்ட கேளு, அவ எந்தப் பக்கம் போறான்னு. சொல்லுவா.

புதுசா பாக்குறேன்

மேட்ச் முடிஞ்சு இப்பதான் ரூமுக்கு வந்தேன். தோத்துட்டோம், 4 பாயிண்ட்ல. மூணாவது குவார்ட்டர்ல 6 நிமிஷம் இறக்கினாங்க. ரெண்டு ஃபவுல். பாயிண்ட் இல்ல. ஆனா ஒரு பால பறிச்சேன் அக்கா, அவ கோச்ச திரும்பிப் பாத்தா, நீங்க சொன்ன மாதிரியே பால் மேல வந்துச்சு. ஓடிப் போய் லேஅப் போட்டேன், ரிம்ல பட்டு வெளிய வந்துடுச்சு.

ஆறாவது ஆள்

எந்தக் கையால பறிச்ச?